நாகையைக் காணச் செல்லும் நம்மவர்க்கு

நம் நாட்டிலிருந்து தமிழகத்தைப் பார்த்து வரச் செல்வோர் சென்னையிலோ திருச்சியிலோ விமானத்தை விட்டு இறங்குகின்றனர். முதலில் துணிக்கடையும் நகைக்கடையும். பின்னர் வாடகை வண்டியொன்றை அமர்த்திக்கொண்டு மதுரை, பழனி, இராமேசுவரம், வேளாங்கண்ணி, நாகூர் என்று ஓடுகின்றனர். வேளாங்கண்ணியிலிருந்து நாகூருக்குச் செல்வோர் நாகப்பட்டினத்தைக் கடந்தே செல்லவேண்டும். ஆயினும் அங்கே வண்டி நிற்பதில்லை. நின்றாலும் தேநீருக்காக நிற்கும். "இங்கே பார்க்க ஒன்றுமில்லைங்க" என்பது வண்டியோட்டியின் தீர்ப்பு. அத்தீர்ப்பை நம்மவரும் மறுத்துக் கேட்பதில்லை.

தீர்ப்பு ஒரு வகையில் உண்மையே. நாகையில் காணத்தக்கவற்றுள் தலையாயவை இப்போது அங்கே இல்லை. இருந்தன என்பதற்கு ஏடும் செப்பேடும் சான்று கூறுகின்றன. நிலத்தில் அடையாளம் அரிது. எனினும், கடல் தாண்டி வந்து குடியேறிய நமக்கு, இந்தியப் பெருநகரங்கள் எல்லாவற்றினும் இவ்வூரே நெருங்கிய உறவுடையது. அங்கு இரண்டு நாள் தங்கி, உள்ளூர் உறவினர் ஒருவர் வழிகாட்டக் கால்நடையாகச் சுற்றியவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

எனக்கு இவ்வூர் இரு பெயர்களில் அறிமுகமாயிற்று. ஆங்கிலப் பள்ளியில் படித்தபோது வரலாற்று நூலில் 'நெகபட்டாம்' என்றொரு துறைமுகத்தைக் கண்டேன். டச்சுக்காரர் கோட்டை கட்டிய இடம் என்று மனப்பாடம் செய்து பரீட்சையிலும் எழுதினேன். வீட்டிலோ எங்கள் பாட்டி, தம் மாமனார் 'நாகப்பட்டணத்தில் கப்பலேறிய' கதையை ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டும் ஒரே ஊர் என்று எனக்குத் தெரிவதற்கு இருபது வயதாயிற்று. நம் பிள்ளைகளிற் பலர் இன்னும் அந்த இருபது வயதை எட்டவில்லை.

நாகைக்குச் செல்பவர் முதலில் சென்னையில் ஒரு காலைப்பொழுதைச் செலவிடல் வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர் படிமங்கள் இருக்கின்றன. 1856ஆம் ஆண்டில் நாகையில் ஒரு பழைய இலுப்பை மரத்தை வெட்டியபோது அதன் அடியில் முதற் படிமங்கள் அகப்பட்டன. அது தொடங்கி 1930களுக்குள், வெளிப்பாளையத்திலும் நாணயக்காரத் தெருவிலும் மண்ணைத் தோண்டத் தோண்ட, ஏறத்தாழ 350 பௌத்த வெண்கலப் படிமங்கள் வெளிப்பட்டன. விரல் நீளமுள்ளவை உண்டு. முழ அளவினவும் உண்டு. தலைமேல் சுடர் எரிய, வலக்கை அபயங்காட்டி நிற்கும் அம்முகங்களை நன்றாகப் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாகைத் தெருக்களில் நடக்கும்போது அவை துணைக்கு வேண்டும்.

இப்படிமங்கள் ஏன் அங்கே இருந்தன? அங்கே சூளாமணி விகாரம் இருந்தது. ஸ்ரீவிசயத்தையும் கடாரத்தையும் ஆண்ட சைலேந்திர மரபினனாகிய ஸ்ரீமாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பெரும்பள்ளி அது. கடாரம் என்பது நம் கெடா. நம் கரையை ஆண்ட அரசன் சோழநாட்டுக் கரையில் புத்தனுக்குக் கோயில் எடுத்தான்; சைவனாகிய சோழன் அதற்கு ஊர் கொடுத்தான். முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை அப்பள்ளிக்கு விட்டான். அவன் வாய்மொழியைச் செப்பேட்டில் ஏற்றுவித்தவன் மகன் இராசேந்திரன். 21 ஏடுகளைக் கொண்ட அச்செப்பேடு டச்சுக்காரர் கைக்குப் போய், 1862இல் ஆலந்து நாட்டு லெய்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. ஆதலின் ஆனைமங்கலத்தின் பெயர் மறைந்து, லெய்டன் செப்பேடு என்றே அறிஞர் வழங்கலாயினர். நம் முன்னோர் உடைமைகளுக்கு நேரும் பெயர்மாற்றங்களுள் இதுவும் ஒன்று.

அச்செப்பேட்டின் பெயர்ப்பை நான் படித்தபோது ஒரு தோட்டக் கிராணிக்கு உண்டாகும் வியப்பே எனக்கும் உண்டாயிற்று. நிலம் 97 வேலி. வேலிக்கு ஆறரை ஏக்கர் என்று கொண்டாலும் 600 ஏக்கருக்கு மேலாகிறது. ஆண்டு வருவாய் 8943 கலம் நெல், அதற்குமேல் தூணி, குறுணி, நாழி வரை கணக்கு. பெண்யானையை நடத்தி எல்லை வகுத்ததும், உடன் நின்ற அதிகாரிகள் இன்னார் இன்னார் என்பதும் எழுதப்பட்டுள்ளன. எங்கள் ஆபீசில் எந்தச் செக்ரோலும் இத்தனை ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை. அத்தனை கலம் நெல்லையும் நட்டு அறுத்தவர் யார் என்ற கேள்வி மட்டும் எனக்கு எழுந்தது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

'கடாரம் கொண்டான்' என்ற பட்டத்தை நம்மவர் மேடைதோறும் முழக்கக் கேட்டிருக்கிறோம். இராசேந்திரன் கடற்படை செலுத்திக் கடாரத்தை அடித்தது 1025இல். தந்தை விகாரத்துக்கு ஊர் கொடுத்து இருபதாண்டுகூட நிறையவில்லை. போர் ஒன்று நடந்தது உண்மை. ஆனால் கதை அதனோடு முடியவில்லை. 1090இல் கடாரத்து அரசன் அனுப்பிய தூதர் இருவர் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து, பள்ளிக்குரிய ஊர்களைப் பற்றி ஆணை வேண்டினர். அவனும் வழங்கினான். அச்சிறிய செப்பேட்டில் இராசேந்திரசோழப் பெரும்பள்ளி என்றொரு பெயரும் வருகிறது. கடாரத்தை அடித்தவன் பெயராலேயே நாகையில் பௌத்தப் பள்ளி! வாளை மட்டும் எடுத்துக்கொண்டு விகாரத்தை விட்டுவிடும் மேடைப் பேச்சாளர்கள் ஒருமுறை இந்த ஏட்டைப் புரட்டிப் பார்த்தல் நன்று.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டு விகாரத்தைத் தேடி நாகைக்கு வருவோர் உண்டு என்று என் உறவினர் சொன்னார். காட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் அவர் வெட்கப்படுவாராம். வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர்.

வெளிப்பாளையப் பக்கம் நடந்து செல்லும்போது, நாகைக்கு வடக்கே மூன்று நிலையுடன் ஒரு செங்கற்கோபுரம் நின்றதை நினைத்துக்கொள்ளுங்கள். சீனக்கோபுரம் என்றும் புதுவெளிக்கோபுரம் என்றும் அதனை வழங்கினர். இக்கரைக்கு வந்த சீன வணிகன் வாங் தாயுவான், 1267இல் கட்டி முடிக்கப்பட்டதாகச் சீன எழுத்துப் பொறித்த மண்கோபுரம் ஒன்றைத் தன் நூலில் குறித்திருக்கிறான். அது நாகையைச் சார்ந்ததென்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 1846இல் வால்டர் எலியட் துரை பார்த்தபோதும் கோபுரம் நின்றது. கூரையில்லை, தளமில்லை, ஆயினும் கடலில் வரும் மாலுமிகள் அதையே அடையாளமாகக் கொண்டு கரை கண்டனர். நம் பக்கத்தில், மேற்கிலிருந்து வந்த கப்பலோட்டிகளுக்குக் கெடாவின் ஜெராய் மலை எவ்வாறு அடையாளமோ, எதிர்க்கரையில் அவ்வாறு இக்கோபுரம். மலையை ஒருவரும் இடிக்க முடியவில்லை.

கோபுரத்தை இடித்தார்கள். 1844இல் ஏசுசபைப் பாதிரிமார் நாகையில் ஒரு கல்லூரி நிறுவியிருந்தனர். தங்கள் இடத்தருகே நின்ற கோபுரத்தை இடித்து அதன் கற்களைக் கட்டடத்துக்குப் பயன்படுத்த அனுமதி கேட்டனர். முதலில் சர்க்கார் இசையவில்லை, 1867இல் இசைந்தது. இடித்தாயிற்று. 1883இல் அக்கல்லூரி நாகையை விட்டுத் திருச்சிராப்பள்ளிக்குச் சென்றுவிட்டது. அறுநூறாண்டு நின்றதை எடுத்துவிட்டு அமர்ந்த கல்வி, அதன்பின் பதினாறே ஆண்டுதான் அவ்விடத்தில் இருந்தது. கல்லூரி திருச்சியில் ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞரைக் கற்பித்துப் பெரும்புகழ் பெற்றதையும் சொல்லாமல் விடுதல் நீதியாகாது. ஆயினும் கோபுரம் போனது போனதே.

வெள்ளைக்காரப் பாதிரியைக் குறை கூறி நாம் எளிதில் ஆறுதல் அடையலாகாது. கெடாவில் பூஜாங் பள்ளத்தாக்கில், குவாரிச் வேல்சு என்பார் 1936-37இல் அகழ்ந்து எண்ணிட்ட பழங்கோயில் அடித்தளங்களுள் பதினோராவது சண்டி, 2013இல் வீடு கட்டும் நிலத்துக்காக மண்வாரி இயந்திரத்தால் வழித்தெறியப்பட்டது. செய்தி வெளிவந்த பின்னரே அது அங்கே இருந்ததை நம்மிற் பலர் அறிந்தோம். கடலின் இரு கரையிலும், 146 ஆண்டு இடைவெளியில், ஒரே காரியம். அந்நாளில் நம் சங்கங்களிலும் கூட்டம் போட்டோம், தீர்மானமும் எழுதினோம். அதற்கு முந்திய வாரம் வரை ஒருவரும் அங்கே போய்ப் பார்த்ததில்லை. நானும் போனதில்லை. மெர்போக்கு எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம்.

பௌத்தம் நாகையில் எவ்வாறு தேய்ந்தது என்பதற்குப் பாதிரிமார் காலத்துக்கும் மிக முந்திய கதை ஒன்றுண்டு. திருமங்கையாழ்வார் நாகைக்கு வந்து பொன்னாலான புத்தர் சிலையைக் கவர்ந்து, அப்பொன்னைக்கொண்டு திருவரங்கத்தில் திருப்பணி செய்தார் என்று வைணவக் குருபரம்பரை நூல்கள் பெருமையாகக் கூறுகின்றன. நடந்ததோ இல்லையோ, பெருமையாகக் கூறியதுதான் கவனிக்கத்தக்கது. பிறர் கோயிற்பொருளைக் கவர்ந்ததைப் பக்தி என்று எழுதிவைத்த கூட்டத்தார் நம்மிலும் உளர்.

டச்சுக்காரரைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 1658இல் போர்த்துக்கீசியரை நீக்கி நாகையைப் பிடித்தனர். 1690இல் பழவேற்காட்டிலிருந்து தங்கள் சோழமண்டலக்கரைத் தலைமையிடத்தை இங்கே மாற்றினர். கோட்டைக்கு 'ஐம்புலன்' என்று பொருள்படும் பெயரிட்டனர். 1781இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். ஐம்புலனும் அடங்கின. அவர்கள் கட்டிய தேவாலயமும் கல்லறைகளும் உள்ளன. நிழலுக்காகவேனும் நுழைந்து பாருங்கள்.

காயாரோகணர், நீலாயதாட்சி கோயிலுக்குப் போகாமல் உள்ளூரார் உங்களை விடமாட்டார்கள். போகலாம். அங்கே அதிபத்த நாயனாரைக் கேளுங்கள். அவர் நாகைக் கடற்கரையின் மீனவர். வலையில் விழும் முதல் மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர். ஆண்டுதோறும் ஆவணியில் பொன்மீன் விடும் விழா நடக்கிறது. மீனவரை அறுபத்துமூவரில் ஒருவராக வைத்து வணங்கிய சமயம், உழைக்கும் சாதியார் பலரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தியும் வைத்தது. 1947ஆம் ஆண்டு ஆலயப்பிரவேசச் சட்டம் வந்த பிறகே கதவு எல்லோருக்கும் சட்டப்படி திறந்தது. எங்கள் பாட்டியின் மாமனார் 1920ஐ ஒட்டிக் கப்பலேறுமுன், கோபுரத்தைத் தெருமுனையில் நின்று கும்பிட்டுப் போனாராம். நான் உள்ளே சென்று தூண் தூணாகப் பார்த்து வந்தேன். கும்பிடும் பழக்கம் எனக்கில்லை. ஆனால் அன்று உள்ளே நிற்பதற்கே ஒரு பொருள் இருந்தது.

மறுநாள் ஒரு ஆட்டோ வண்டி பிடித்து மேற்கே செல்லுங்கள். ஆனைமங்கலம் என்ற பெயரோடு ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. நெல்வயல், வாய்க்கால், பனை, வேறொன்றுமில்லை. செப்பேட்டில் எழுதிய நிலம் கண்முன் கிடக்கக் காண்பது ஒரு பெரிய அனுபவம். அங்கே நின்றபோதுதான் முன்கூறிய கேள்விக்கு எனக்கு விடை கிடைத்தது. கீழத்தஞ்சை வயல்களில் நட்டும் அறுத்தும் வந்தவர் பண்ணையாட்கள். அவர்களிற் பெரும்பாலார் தாழ்த்தப்பட்டோர். என் முப்பாட்டன் அவர்களில் ஒருவர். நம் வீடுகளில் பாட்டன் பெருமை பேசும்போது 'ஊரில் நிலம் இருந்தது, மாடு இருந்தது, பங்காளிச் சண்டையில் வந்துவிட்டோம்' என்று சொல்லும் வழக்கம் ஒன்றுண்டு. சிலருக்கு அது உண்மையாக இருக்கலாம். எல்லோருக்கும் நிலம் இருந்திருந்தால் அந்தக் கப்பல்கள் நிறைந்திருக்கமாட்டா.

அப்பக்கத்திலேயே கீழ்வேளூர் வட்டாரத்தில் கீழ்வெண்மணி இருக்கிறது. கூலி உயர்வு கேட்டுச் சங்கம் கண்ட விவசாயத் தொழிலாளர் சேரி அது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, ஒரு சிறு குடிசையில் உயிருக்கு அஞ்சிப் புகுந்த 44 பேர், பெண்டிரும் குழந்தைகளும் முதியோருமாக, எரித்துக் கொல்லப்பட்டனர். கீழ்க்கோர்ட்டு தண்டித்த நிலச்சுவான்தார்களை ஐகோர்ட்டு பின்னர் விடுவித்தது. அங்கே நினைவுத்தூண் உள்ளது, பெயர்கள் உள்ளன. ஒன்றுவிடாமல் படித்தேன். பெயர்களுள் இரண்டு மூன்று எங்கள் குடும்பத்தில் வழங்கும் பெயர்கள். முப்பாட்டன் கப்பலேறாதிருந்தால் என்ற நினைப்பு வராமல் ஒருவன் அங்கே நிற்க முடியாது. உடன் வந்த உறவினர், "வா தம்பி, வெயில் ஏறுது" என்று அழைத்த பிறகே நகர்ந்தேன்.

திரும்பி வந்தால் துறைமுகம். 1861இல் தஞ்சைக்கும் நாகைக்கும் இரயில் ஓடத் தொடங்கியபின், உள்நாட்டு ஊர்களிலிருந்து ஆட்களைக் கடற்கரைக்குக் கொண்டுவருதல் எளிதாயிற்று. சஞ்சிக் கூலி முறை மலாயாவில் 1910இல் ஒழிந்தது. அதன்பின் கங்காணி முறையே கோலோச்சிற்று. 1907இல் ஏற்பட்ட குடியேற்ற நிதிக்குத் தோட்ட முதலாளிகள் பணம் கட்ட, ஆட்களின் கப்பற்சத்தம் அதிலிருந்து கொடுக்கப்பட்டது. நாகையிலும் சென்னைக்கருகே ஆவடியிலும் கூலி டிப்போக்கள் இருந்தன. அங்கே பெயர் பதிவு, வைத்தியப் பரிசோதனை, அம்மைப்பால். பின்னர்க் கப்பல், ஐந்தாறு நாள் கடல், பினாங்குக்கருகே ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாம், பிறகு தோட்டம். 1938இல் இந்திய சர்க்கார் இவ்வகை உதவிபெற்ற ஆட்பயணத்தைத் தடுத்தனர். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலில் நம் குடும்பங்களில் ஏறாதவர் குறைவு. அதற்குப்பின் வந்த சிதம்பரம் கப்பல் 1985 பெப்ரவரியில் கடலில் தீப்பற்றியதோடு அப்பழைய கடல்வழியும் மூடப்பட்டது.

அக்கப்பல்களில் கூலிகளோடு வேறு சரக்கும் வந்தது. 1929 டிசம்பரில் பெரியார் நாகையிலிருந்தே கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார். அவர் பேச்சால் இந்நாட்டில் எத்தனை வீட்டுக் கலியாணங்கள் புரோகிதரின்றி நடந்தன என்பதை நம் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். மறைமலையடிகள் 1876இல் பிறந்ததும் நாகையிலேயே. வேதாசலம் என்ற சிறுவனாக வெசுலியன் மிஷன் பள்ளியில் படித்துக்கொண்டே, புத்தகக்கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் கற்றார். இக்கட்டுரையை அவர் பார்த்தால் பாதிச் சொற்களை அடித்துவிடுவார்.

வடக்கே நாகூர். அங்கே ஐந்து மனோராக்களுள் உயர்ந்தது 131 அடி; அதனைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்கர். பினாங்கிலும் சிங்கப்பூர்த் தெலுக் ஆயரிலும் நாகூர் ஆண்டகை பெயரால் நம் முசுலிம் சகோதரர் எழுப்பிய கட்டடங்களை நாம் அன்றாடம் கடந்து போகிறோம். மூலத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் அவை வேறாகத் தோன்றும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் உள்ள காலம். தை, மாசியில் போவது நலம்.

மாலையில் கடற்கரைக்கு வாருங்கள். 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. மீனவர் குடியிருப்புகளில் அக்கணக்கு இன்னும் முடியவில்லை. எந்த வீட்டைக் காட்டிக் கேட்டாலும் ஒரு பெயர் சொல்கிறார்கள். வலையைப் பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் என் பேச்சின் ஓசையைக் கேட்டு, "எந்த ஊரு தம்பி?" என்றார். கெடா என்றேன், விளங்கவில்லை. பினாங்கு என்றதும் முகம் மலர்ந்தது.

"ரஜூலா எங்கே வந்து நின்றது, ஐயா?" என்று கேட்டேன்.

"கரைக்கு வராது தம்பி. ஆழம் பத்தாது. அதோ அங்கே நிக்கும்." கையை நீட்டிக் காட்டினார். "எங்கப்பா தோணி தள்ளுனவரு. சனங்களைத் தோணியிலதான் ஏத்திக் கொண்டுபோய் விடுவாங்க. ஏணியில ஏறுறப்போ பொம்பளைங்க எல்லாம் கரையைத் திரும்பிப் பார்த்து அழும். எங்கப்பா, 'பார்த்து ஏறும்மா, கால் வழுக்கும்'னு சொல்லிக்கிட்டே இருப்பாராம்."

அவர் காட்டிய இடத்தில் அப்போது இரண்டு மீன்பிடிப் படகுகள் போய்க்கொண்டிருந்தன. இருட்டும் வரை அவரோடு உட்கார்ந்திருந்தேன்.